கல்லூரிக் கால்பந்து: நம் அணி எப்படி ஆடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அணியைப் பின்தொடரத் தொடங்கும் நம்மவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய லீக் ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தோடு இங்கே வரும்போது எண்களும் விதிகளும் குழப்புகின்றன. குழப்பத்தில் அணியின் மீது தவறான தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை என் காதில் விழும் ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஹெல்மெட் அணிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் இந்தப் பக்கத்துக்கும் தொடர்பில்லை. இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் நடக்கும் ஆடவர், மகளிர் கால்பந்து மட்டுமே.

10-4-4 என்று போடுகிறார்களே, நடுவில் இருப்பது டிராவா, தோல்வியா?

தோல்வி. வெற்றி, தோல்வி, டிரா என்பதுதான் இங்குள்ள வரிசை. ஐரோப்பிய லீக் பட்டியல்களில் டிரா நடுவில் வருவதால் இந்தக் குழப்பம். 9-2-6 என்ற கணக்கைப் பார்த்து "ஆறு தோல்வியா!" என்று தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்; அந்த அணி இரண்டே ஆட்டங்களில்தான் தோற்றிருக்கிறது.

மொத்த சீசனே மூன்று மாதம்தானா?

ஏறக்குறைய அவ்வளவுதான். மகளிர் ஆட்டங்கள் ஆகஸ்டு நடுவிலும், ஆடவர் ஆட்டங்கள் ஆகஸ்டு இறுதியிலும் தொடங்குகின்றன. நவம்பர் முதல் வாரத்தையொட்டி வழக்கமான ஆட்டங்கள் முடிந்து, தேசியப் போட்டி நவம்பரில் தொடங்கி, அரையிறுதியும் இறுதியும் டிசம்பரில் நடக்கின்றன. அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் காலேஜ் கப் என்று பெயர். இந்தக் குறுகிய காலத்துக்குள் ஏறக்குறைய 18 ஆட்டங்களை அடைத்தாக வேண்டியிருப்பதால், ஆடவருக்கு வெள்ளியும் செவ்வாயும், மகளிருக்கு வியாழனும் ஞாயிறும் என்று வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் வருவது சாதாரணம். கீழே வரும் பல பதில்களுக்கு இந்த நெருக்கடியே அடிப்படை என்பதால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் ஏன் பின்னோக்கி ஓடுகிறது? நடுவர் கூடுதல் நிமிடங்கள் தர மாட்டாரா?

தர மாட்டார். ஒவ்வொரு பாதியிலும் மைதானக் கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து சுழியத்தை நோக்கி இறங்குகிறது. கோல் விழுந்தாலும், அட்டை காட்டப்பட்டாலும், பெனால்டி தரப்பட்டாலும், காயத்துக்காக நடுவர் சைகை செய்தாலும் கடிகாரம் நிறுத்தப்படுகிறது. நேரம் அங்கேயே ஈடுகட்டப்படுவதால் இறுதியில் சேர்ப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கடைசிப் பத்து நொடிகளை ஒலிபெருக்கி எண்ணத் தொடங்கும். சங்கு ஒலிக்கும்போது பந்து காற்றில் வலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாலும், கோட்டை முழுமையாகக் கடந்திருக்காவிட்டால் அது கோல் ஆகாது.

வெளியே போன வீரர் மறுபடியும் உள்ளே வருகிறாரே, நடுவர் கவனிக்கவில்லையா?

கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்; விதியே அப்படி. முதல் பாதியில் வெளியேறிய வீரர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, ஆனால் இரண்டாம் பாதியில் ஆடலாம். இரண்டாம் பாதியில் வெளியேறியவர் ஒருமுறை திரும்பி வரலாம். மாற்று வீரர்களின் எண்ணிக்கைக்கும் மற்ற லீக்குகளில் இருப்பதுபோல் ஐந்து என்ற கட்டுப்பாடு கிடையாது.

அணியின் ஆட்டத்தை எடைபோடும்போது இது நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். பயிற்சியாளர் முதல் பாதியின் 25-ஆவது நிமிடத்தில் முன்களத்தில் மூன்று பேரை ஒரே நேரத்தில் மாற்றுவதைப் பார்த்து "யாரும் சரியாக ஆடவில்லை போல" என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது முன்பே தீட்டிய திட்டம்: முதல் மூவர் எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களை விடாமல் துரத்திக் களைக்கச் செய்வார்கள், அடுத்த மூவர் அந்தக் களைப்பைப் பயன்படுத்துவார்கள், இடைவேளைக்குப் பின் முதல் மூவர் புத்துணர்ச்சியோடு திரும்புவார்கள். நான் ஆட்டம் பார்க்கும்போது யார் எந்த நிமிடத்தில் உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று ஒரு தாளில் சட்டை எண்களைக் குறித்துக்கொள்வது வழக்கம். மூன்று ஆட்டங்களுக்கு அப்படிக் குறித்தால் பயிற்சியாளர் உண்மையில் யாரை நம்புகிறார் என்பது தெரிந்துவிடும். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசிப் பதினைந்து நிமிடங்கள் களத்தில் நிற்பவர்கள்தான் அவருடைய முதல் பதினொருவர். ஆட்டத்தைத் தொடங்கியவர்களாகவே அவர்கள் இருக்க வேண்டும் என்பதில்லை.

டிரா ஆனால் கூடுதல் நேரம் ஆடுவார்களே, அது எங்கே போயிற்று?

2022-ஆம் ஆண்டு சீசன் முதல் வழக்கமான ஆட்டங்களில் கூடுதல் நேரம் நீக்கப்பட்டுவிட்டது. 90 நிமிடத்தில் சமநிலை என்றால் டிராதான். அதற்கு முன் இரண்டு 10 நிமிடப் பகுதிகள் ஆடப்பட்டன. முதலில் கோல் போடும் அணி அந்தக் கணமே வென்றதாகும். இப்போது கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழகக் குழுமம்; அடுத்த பதிலில் விளக்குகிறேன்) கோப்பைப் போட்டியிலும் தேசியப் போட்டியிலும் மட்டுமே கூடுதல் நேரம் உண்டு. அதிலும் தீராவிட்டால் பெனால்டி உதைகள்.

இதில் ஒப்பீட்டுச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. 2019-இல் நம் அணி இரண்டு டிராதான் கண்டது, இப்போது ஐந்து, ஆகவே தாக்குதல் மழுங்கிவிட்டது என்று வாதிடுபவர்கள், பழைய டிராக்களில் பல அந்த இருபது நிமிடங்களில் வெற்றியாகவோ தோல்வியாகவோ மாறிப் பதிவாயின என்பதை மறந்துவிடுகிறார்கள். 2022-க்கு முந்தைய கணக்கையும் பிந்தைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசாமல் இருப்பதே நல்லது.

கான்ஃபரன்ஸ் என்கிறார்களே, அதுவும் லீக்கும் ஒன்றா?

கிட்டத்தட்ட. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட குழுமம் அது. குழுமத்துக்குள் நடக்கும் ஆட்டங்களுக்கு வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று புள்ளிப்பட்டியல் உண்டு. குழுமத்துக்கு வெளியே ஆடும் ஆட்டங்கள் அந்தப் பட்டியலில் சேராது, ஆனால் மொத்தக் கணக்கில் சேரும். ஒரே அணிக்கு 10-4-4 என்றும் 4-3-2 என்றும் இரண்டு கணக்குகள் அச்சாவது இதனால்தான்.

எல்லாக் குழுமங்களும் எல்லா விளையாட்டையும் நடத்துவதில்லை. எஸ்.இ.சி. என்ற பெரிய குழுமத்தில் மகளிர் கால்பந்து உண்டு, ஆடவர் கால்பந்து கிடையாது. அதனால் அதன் உறுப்பினர்களான கென்டக்கி, தென் கரோலினா பல்கலைக்கழகங்களின் ஆடவர் அணிகள் சன் பெல்ட் குழுமத்தில் ஆடுகின்றன. பலமான மார்ஷல் அணியும் அங்கேதான் இருக்கிறது என்பதால், பெயரை வைத்து அதை எளிய குழுமம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆகஸ்டில் வெளுத்து வாங்கிய அணி அக்டோபரில் ஏன் இப்படித் திணறுகிறது?

இதுதான் நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி. முதல் காரணம், எதிரணிகள் மாறிவிட்டன. தொடக்க வாரங்களில் பயிற்சியாளர் தாமே தேர்ந்தெடுத்த எதிரணிகளோடு, பெரும்பாலும் சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கிறது. செப்டம்பர் நடுவில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கியதும் ஆண்டுதோறும் மோதிப் பழகிய அணிகள் வருகின்றன. அதற்குள் நம் அணி ஆடிய ஆறேழு ஆட்டங்களின் காணொளி அவர்கள் கையில் இருக்கிறது. நம் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் முன்னேறினால் பின்னால் யாரும் நிரப்புவதில்லை என்பது செப்டம்பர் முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது, அக்டோபரில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, உடல். தயாரிப்புப் பயிற்சி ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரங்களிலேயே ஆட்டங்கள் வந்துவிடுகின்றன. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால் இடையில் முழு வேகப் பயிற்சிக்கு ஒரு நாள் கிடைப்பதே அரிது. மற்ற நாட்கள் பயணத்துக்கும் ஓய்வுக்கும் போய்விடும். அதோடு அக்டோபரில் இடைத்தேர்வுகள் வருகின்றன. இவர்கள் மாணவர்கள் என்பதை 80-ஆவது நிமிடத்தில் பந்தைக் கோட்டைவிடும் நடுகள வீரரைத் திட்டும்போது நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. 2024-இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையோர அணிகளின் ஏ.சி.சி. குழுமத்தில் சேர்ந்த பிறகு, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பறந்து ஆடுவதும் வழக்கமாகிவிட்டது. கிழக்கில் பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், முந்தைய நாள் மேற்கிலிருந்து வந்திறங்கியவருக்குக் காலைப் பத்து மணி ஆட்டம்.

ஆகவே அக்டோபர் முடிவுகளை ஆகஸ்டு முடிவுகளோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டு இதே எதிரணிகளோடு இதே வாரங்களில் ஆடியதோடு ஒப்பிடுங்கள். அதிலும் சரிந்திருந்தால் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஷாட் கணக்கு 19-6, கார்னர் 9-2, ஆனால் 0-1 என்று தோற்றோம். வெறும் துரதிர்ஷ்டம்தானே?

சில சமயம் துரதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ஆட்ட விவரத்தாளில் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். 19 ஷாட்டுகளில் வலையை நோக்கிச் சென்றவை எத்தனை? நான்கு என்றால், மீதிப் பதினைந்தும் வெளியே போனவை அல்லது தடுப்பாட்டக்காரர் உடலில் பட்டவை. எங்கிருந்து அடித்தார்கள்? பெனால்டிப் பகுதிக்கு வெளியிலிருந்து பன்னிரண்டு ஷாட் என்றால், எதிரணி வேண்டுமென்றே அந்த இடத்தை விட்டுக்கொடுத்து, உள்ளே நுழைய விடாமல் காத்திருக்கிறது.

மூன்றாவது, கோல் எப்போது விழுந்தது? எதிரணி 12-ஆவது நிமிடத்தில் ஒரு கார்னரில் தலையால் முட்டிக் கோல் போட்டுவிட்டுப் பின்வாங்கி உட்கார்ந்தால், அடுத்த 78 நிமிடமும் பந்து நம் காலில்தான் இருக்கும். ஷாட் எண்ணிக்கை தானாக ஏறும். அந்த 19 நம் ஆதிக்கத்தைக் காட்டுவதைவிட அவர்களுடைய திட்டத்தையே காட்டுகிறது. இதே வகையில் மூன்று ஆட்டங்கள் தோற்றால் அதற்குத் துரதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க நான் தயங்குவேன். நின்ற பந்தில் தற்காப்பு சரியில்லை, நெருக்கி நிற்கும் அணியை உடைக்க வழி தெரியவில்லை என்ற இரண்டு குறைகளைத்தான் சொல்வேன்.

நம் முன்கள வீரருக்கு 8 கோல், 5 அசிஸ்ட். ஆனால் 21 புள்ளி என்று போட்டிருக்கிறார்களே?

கோலுக்கு 2, அசிஸ்டுக்கு 1. இரண்டையும் சேர்த்தால் 21. கல்லூரிக் கணக்கில் ஒரே கோலுக்கு இருவருக்கு அசிஸ்ட் தரலாம் என்பதால், அசிஸ்ட் எண்ணிக்கையை மற்ற லீக்குகளோடு ஒப்பிடாதீர்கள்.

காயமும் இல்லை, சிவப்பு அட்டையும் இல்லை. நம் நடுகள வீரர் ஏன் பெஞ்சில்கூட இல்லை?

மஞ்சள் அட்டைகளை எண்ணிப் பாருங்கள். சீசனில் ஐந்தாவது மஞ்சள் அட்டை பெறுபவர் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. நான்கு அட்டைகளோடு இருக்கும் வீரரைப் பயிற்சியாளர் எளிய ஆட்டத்தில் 60-ஆவது நிமிடத்திலேயே வெளியே எடுப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

14 வெற்றி பெற்ற அணி வீட்டில் உட்கார்ந்திருக்கிறது, 10 வெற்றி பெற்ற அணி தேசியப் போட்டிக்குப் போகிறது. இது அநியாயம் இல்லையா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆடவரில் 200-க்கும் மேற்பட்ட அணிகளிலிருந்து 48, மகளிரில் 300-க்கும் மேற்பட்ட அணிகளிலிருந்து 64 தேசியப் போட்டிக்குச் செல்கின்றன. குழுமச் சாம்பியன்களுக்கு நேரடி இடம் உண்டு. மிச்ச இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்புகிறது; அந்தக் குழு நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஆர்.பி.ஐ. என்ற எண். அதில் உங்கள் வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடு, உங்கள் எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 விழுக்காடு, எதிரணிகளின் எதிரணிகளுடைய வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடு எடை. அதாவது நீங்கள் எத்தனை வென்றீர்கள் என்பதைவிட யாரோடு ஆடினீர்கள் என்பதே கனக்கிறது.

கற்பனை எண்களால் போட்டுப் பார்ப்போம். டிராவைப் பாதி வெற்றியாகக் கொண்டால் 14-2-2 அணியின் விகிதம் 0.833, அதன் எதிரணிகள் 0.400, அவற்றின் எதிரணிகள் 0.480 என்றால் மொத்தம் 0.528. 10-4-4 அணியின் விகிதம் 0.667, ஆனால் எதிரணிகள் 0.600, அவற்றின் எதிரணிகள் 0.540 என்றால் மொத்தம் 0.602. நான்கு வெற்றி குறைவாக இருந்தும் இரண்டாவது அணி வெகு தூரம் முன்னே போய்விடுகிறது.

நியாயமா என்று என்னைக் கேட்டால், பாதி நியாயம் என்பேன். பலமான எதிரணிகளைத் தேடிப் போய் ஆடுவதற்கு இது பரிசளிக்கிறது, அது நல்லதே. ஆனால் சிறிய குழுமத்தில் இருக்கும் அணியை அதன் அண்டை அயலார்களின் பலவீனத்துக்காகத் தண்டிக்கவும் செய்கிறது. அத்தகைய அணிக்குக் குழுமக் கோப்பையை வெல்வதைத் தவிர நம்பகமான வழி இல்லை.

அப்படியானால் நாம் ஏற்கெனவே தோற்கடித்த அணி இனி வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டுமா?

ஆம், எவ்வளவு கசப்பாக இருந்தாலும். மேலே சொன்ன 50 விழுக்காடு அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுடைய விகிதத்தைக் கணக்கிடும்போது நம்மோடு ஆடிய ஆட்டத்தை விலக்கிவிடுகிறார்கள் என்பதால், நாம் அவர்களை வென்றதால் நமக்கே கேடு வராது. எனவே செப்டம்பரில் வென்று முடித்த அணிக்கு நவம்பர் வரை கைதட்டலாம், பரம எதிரியாக இருந்தாலும்.

வாராந்திரத் தரவரிசையில் 18-ஆம் இடத்தில் இருக்கிறோம். தேசியப் போட்டி இடம் உறுதிதானே?

இல்லை. யுனைடெட் சாக்கர் கோச்சஸ் அமைப்பு வாரந்தோறும் வெளியிடும் 25 அணிப் பட்டியல் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு. தேர்வுக் குழு பின்பற்ற வேண்டிய பட்டியல் அது அல்ல. பலமற்ற அணிகளைத் தொடர்ந்து வென்று அந்தப் பட்டியலில் ஏறிவிட முடியும், ஆர்.பி.ஐ.-யில் அப்படி ஏற முடியாது. இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால் ஆர்.பி.ஐ.-யையே நம்புங்கள்.

தரநிலை (சீடிங்) பெறாத அணி கோப்பையை வெல்ல வாய்ப்பே இல்லை என்கிறார்களே?

2024-இல் ஆடவர் கோப்பையை வென்ற வெர்மான்ட் அணிக்குத் தரநிலை கிடையாது. ஆடவர் போட்டியில் முதல் 16 அணிகளுக்கு மட்டுமே தரநிலை தந்து முதல் சுற்றில் ஓய்வு அளிக்கிறார்கள். வெர்மான்ட் முதல் சுற்றிலிருந்தே ஆட வேண்டியிருந்தது. அரையிறுதியில் டென்வரைப் பெனால்டியில் கடந்து, வட கரோலினாவின் கேரி நகரில் நடந்த இறுதியில் மார்ஷலைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வீழ்த்தியது. தோற்றால் வெளியே என்ற அமைப்பில் ஆறு ஆட்டம் தாக்குப்பிடிக்கும் திறன் வேறு, மூன்று மாதம் சீராக ஆடும் திறன் வேறு. நவம்பர் தொடக்கத்தில் தகுதி விளிம்பில் நிற்கும் அணியைக் கைகழுவிவிடாதீர்கள் என்பதற்கு மேல் இதிலிருந்து நான் எதையும் பெற மாட்டேன். இதை வைத்து நம் அணியும் வெல்லும் என்று சொல்பவர்கள் தரநிலை இல்லாமல் முதல் சுற்றிலேயே வெளியேறிய அணிகளை எண்ணுவதில்லை.

பெனால்டியில் வென்றோம், ஆனால் பதிவேட்டில் டிரா என்று இருக்கிறதே, தட்டச்சுப் பிழையா?

பிழை இல்லை. பெனால்டி உதைகள் யார் அடுத்த சுற்றுக்குப் போவது என்பதை மட்டுமே முடிவு செய்கின்றன. ஆட்டம் டிராவாகவே பதிவாகும். 2022 இறுதியாட்டத்தில் சிரக்யூஸும் இண்டியானாவும் 2-2 என்று முடிக்க, பெனால்டியில் 7-6 என்று சிரக்யூஸ் கோப்பையைத் தூக்கியது. அந்த ஆட்டமும் இரு அணிகளின் கணக்கிலும் டிராதான். பழைய காலத்தில் இதைவிட விசித்திரம்: 1989-இல் சான்டா கிளாராவும் வர்ஜீனியாவும் 1-1 என்று முடித்தபோது இருவரையும் சாம்பியன்கள் என்று அறிவித்துவிட்டார்கள்.

இரண்டு சீசனாகத் தகுதி பெறவில்லை. கோச்சை மாற்றினால் சரியாகிவிடாதா?

சரியாகலாம், ஆகாமலும் போகலாம். வட கரோலினா மகளிர் அணியை 21 என்.சி.ஏ.ஏ. பட்டங்களுக்கு இட்டுச்சென்ற ஆன்சன் டோரன்ஸ் 2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் தறுவாயில் ஓய்வு பெற்றார். இடைக்காலப் பொறுப்பேற்ற டேமன் நஹாஸ் அதே ஆண்டு 22-ஆவது பட்டத்தை வென்று கொடுத்தார். ஆனால் நஹாஸ் அங்கேயே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். வீரர்களும் ஆட்டமுறையும் அவருக்குப் புதிதல்ல. வெளியிலிருந்து வருபவருக்கு அந்த வசதி இருக்காது.

இன்றைய நிலையில் பயிற்சியாளரை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது வீரர் பட்டியலைத்தான். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்க 2018 அக்டோபரில் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவு முறையும், 2024-இல் எத்தனை முறை மாறினாலும் படிப்பு நிபந்தனைகளை நிறைவு செய்தால் உடனே ஆடலாம் என்று வந்த தளர்வும் சேர்ந்து, ஒரு சீசன் முடிந்ததும் பாதி அணியே மாறிவிடக்கூடிய நிலையை உண்டாக்கியிருக்கின்றன. 2025-26 முதல் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிரும் ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்குக் கால்பந்து அணியில் 28 பேர் என்ற வரம்பும் வந்துவிட்டது. பயிற்சியாளர் இழந்தவர்கள் யார், கொண்டுவந்தவர்கள் யார், வந்தவர்கள் இரண்டாம் ஆண்டும் தங்குகிறார்களா என்று பாருங்கள். நல்லவர்கள் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருந்தால், வெற்றிக் கணக்கு சுமாராக இருந்தாலும் பிரச்சினை ஆழமானது.

மார்ச்சு, ஏப்ரலில் ஆடிய ஆட்டங்களில் 4-0, 3-0 என்று வென்றோமே, அவை எதிலும் காணவில்லையே?

வசந்தகால ஆட்டங்கள் பயிற்சி ஆட்டங்கள். 10-4-4 கணக்கிலும் சேராது, ஆர்.பி.ஐ.-யிலும் சேராது. இறுதியாண்டு வீரர்கள் பலர் போயிருப்பார்கள், ஆகஸ்டில் சேரவிருப்பவர்கள் பலர் வந்திருக்க மாட்டார்கள், பயிற்சியாளர் தடுப்பாட்டக்காரரை நடுகளத்தில் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருப்பார். சீசனை இரண்டு கல்விப் பருவங்களுக்கும் பரப்ப வேண்டும் என்று ஆடவர் பயிற்சியாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவதற்கு, இரண்டாம் பதிலில் சொன்ன நெருக்கடியே காரணம். தற்போதைக்கு அந்த 4-0 வெற்றியில் கவனிக்கத் தக்கது ஒன்றே: புதிய கோல்கீப்பர் எத்தனை நிமிடம் நின்றார் என்பது.